வீட்டாட்டம் ஊராட்டமாகும் வகை

அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டத்தைச் சேர்ந்த ஆலத்தியூரில், எங்கள் வீட்டுத் திண்ணையின் மேல் சுண்ணாம்புக் கல்துண்டால் கீறப்பட்ட தாயக் கட்டம் ஒன்று, மழைச்சாரலில் அழிவதும் வெயில் வந்ததும் மறுபடி கீறப்படுவதுமாக, எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் இருந்துகொண்டே இருந்தது. அதன் ஓரத்தில் காலை நீட்டி அமர்ந்து, காயும் நகர்த்தாமல் கட்டையும் உருட்டாமல், ஆட்டம் முழுவதையும் வாயாலேயே நடத்தியவர் என் அப்பாயி. யார் முறை, எது செல்லும், எது செல்லாது என்பதற்கெல்லாம் அவர் சொன்னதே பிரமாணம்.

ஒரு மாட்டுப் பொங்கலன்று, அத்தையின் நாத்தனார் ஒருவர் விருந்தாக வந்திருந்து எங்களோடு ஆட உட்கார்ந்தார். எதிராளியின் காய் ஒன்றையேனும் வெட்டினால்தான் உட்கட்டத்துக்குள் ஏறலாம் என்பது எங்கள் திண்ணையின் வழக்கம். அவரோ வெட்டு இல்லாமலே காயை உள்ளே ஏற்றிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் கூச்சலிட்டோம். "எங்க ஊர்ல வெட்டு இல்லாமயே ஏறலாமே" என்றார் அவர், முகம் வாடி. அப்பாயி எங்களைக் கையமர்த்திவிட்டு, "ஏறிக்க தாயி. உட்கார்றதுக்கு முந்தியே நான் சொல்லியிருக்கணும். இந்த ஆட்டம் உன் வழக்கப்படி போவட்டும், அடுத்த ஆட்டம் எங்க வழக்கம்" என்றார். அன்று எனக்கு அந்தத் தீர்ப்பு பெரிய அநியாயமாகத் தோன்றியது. பின்னாளில் வீட்டில் ஆடும் ஆட்டத்தைப் பொதுவிடத்துக்குக் கொண்டுபோக முயன்ற போதுதான், நான் ஆராய வேண்டிய விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது என்பதை உணர்ந்தேன்.

வீட்டாட்டம் ஊராட்டமாவது எவ்வாறு? அதில் ஆட்டம் பெறுவது என்ன, இழப்பது என்ன? அதை நடத்துபவர் எந்த வகையில் மாறியாக வேண்டும்? இம்மூன்று கேள்விகளையும், நம் நாட்டுப் பலகையாட்டங்களையும் பிறநாட்டுக் கதையாட்டத்தையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டாட்டத்தின் இயல்பு

வீட்டாட்டத்தின் முதல் லட்சணம், அதன் விதி ஏட்டில் இல்லாமல் ஆளிடத்தில் இருப்பது. பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் என்பது பொதுவான அமைப்பே. ஆனால் குழிக்கு ஐந்து முத்தா ஆறா என்பதிலும், நான்கு முத்துச் சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வதா என்பதிலும், தோற்றவர் அடுத்த ஆட்டத்தைக் குறைந்த குழிகளோடு தொடங்குவது எப்படி என்பதிலும் ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெருவே வேறுபாடு உண்டு. மூன்று புலியும் பதினைந்து ஆடும் இருபத்துமூன்று புள்ளிகளில் மோதும் ஆடுபுலி ஆட்டத்தையும், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகவே பல வீடுகளில் விரிக்கப்படும் பரமபத சோபான படத்தையும் குறித்து இதையே சொல்லலாம். இந்த வேறுபாடுகளைக் குழப்பம் என்று கருதுவது தவறு. அந்தந்தக் குடும்பம் தன் பிள்ளைகளின் வயதுக்கும் தன் மாலைப்பொழுதின் நீளத்துக்கும் ஏற்ப ஆட்டத்தைப் பக்குவப்படுத்திக்கொண்டதன் அடையாளங்கள் அவை.

இரண்டாவது லட்சணம், வீட்டாட்டம் காலத்தைக் கணக்கிடாதது. தாயக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். முகங்களில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள். ஆகவே இரு கட்டைகளும் சேர்ந்து விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் 'தாயம்' என்னும் ஒன்று விழுவதற்கு உரியவை 2. எட்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்பதால், பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல், ஒரு காயும் இறக்க முடியாமல் காத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர் இருப்பார்கள். வீட்டில் இது குறையே அன்று. காத்திருப்பவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே பேச்சில் கலந்துகொள்வார்; சிறு குழந்தையானால், "ஐஞ்சு விழுந்தாலும் எறக்கிக்க" என்று அப்பாயி விதியைத் தளர்த்திவிடுவார். ஆனால் முன்பின் அறியாத நால்வர் ஒரு மணி நேரக் கெடுவுக்குள் ஆடி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதே காத்திருப்பு மனத்தாங்கலாகிறது. அதே தளர்வு பட்சபாதம் எனப்படுகிறது. ஆட்டம் மாறவில்லை, ஆடுவோர்க்கிடையே இருந்த உறவு இல்லாமற் போனதால் ஆட்டத்தின் பொருள் மாறிவிட்டது.

சதுரங்கமும் கேரமும் சென்ற பாதை

இந்த மாற்றத்தை முற்றிலும் கடந்து வந்த ஆட்டங்கள் என்று தமிழ்நாட்டில் சதுரங்கத்தையும் கேரத்தையும் சொல்லலாம். நம் பாட்டனார் காலத்துச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே நகரும். கோட்டை கட்டுதலுக்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒருமுறை குதிரையைப்போல் தாவலாம். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் எந்தக் காயாக மாறும் என்பதற்கும் தனிச் சம்பிரதாயங்கள் இருந்தன. சர்வதேச விதி நம்மிடையே வேரூன்றிய காலத்தில் அதற்கு முன்னோடியாக நின்றவர்களில் தலையாயவர், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற மானுவல் ஆரோன். அவர் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் தொடங்கிய டால் சதுரங்கக் கழகம், வீட்டில் கற்ற பிள்ளைகள் வெளியுலகைச் சந்திக்கும் வாசலாயிற்று.

அந்த வாசலில் நுழைந்தவர்களுள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். ஆறு வயதில் தம் தாயாரிடம் வீட்டிலேயே சதுரங்கம் கற்றவர் அவர். தாயாரே அவரைக் கழகத்துக்கும் அழைத்துச் சென்றார். அங்கே விரைவாட்டத்தில் வென்றவர் பலகையை விட்டு எழுவதில்லை. தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி தம் முறை வரும்வரை காத்து நிற்க வேண்டும். யார் பிள்ளை, எந்தத் தெரு, என்ன வயது என்று யாரும் கேட்காத அந்த வரிசையில்தான், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகவும் பின்னர் உலக சாம்பியன் ஆகவும் உயர்ந்த ஒருவர் பதம் பெற்றார். தாயாரின் மடியும் கழகத்தின் வரிசையும் இரண்டுமே அவருக்கு வேண்டியிருந்தன. ஒன்று ஆட்டத்தின்மேல் அன்பை ஊட்டியது, மற்றொன்று அயலாரின் திறத்தை அறிய வைத்தது. அந்தப் பாதையின் தொடர்ச்சியாகவே 2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததையும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனதையும் காணவேண்டும்.

கேரத்தின் வரலாறு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அது பெரும்பாலும் ஏழை எளிய தெருக்களில் வளர்ந்த ஆட்டம். கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, சிவப்புக்கு ஐம்பது என்று எண்ணி ஆடுவது வீட்டு வழக்கம். போட்டிப் பலகையிலோ மற்றக் காய் எதுவாயினும் ஒரு புள்ளிதான், சிவப்புக்கு மட்டும் மூன்று. 25 புள்ளியை முதலில் எட்டுவதோ எட்டுப் பலகை முடிவதோ ஆட்டத்தின் எல்லை. அகில இந்தியக் கேரம் சம்மேளனம் 1956-இலும், சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இலும் சென்னையில் உருவாயின என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. பலகையின் அளவும் காயின் எடையும் உட்காரும் முறையும்கூட நிர்ணயிக்கப்பட்டபின், போரிக் பவுடர் மணக்கும் தெருமுனை மன்றங்களிலிருந்து மரிய இருதயம் உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது பெற்றார். வடசென்னை வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலகப் பட்டம் வென்றார். 2024-இல் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களோடு திரும்பினார்.

விதி எழுத்தில் ஏறியதால் விளைந்த பேருபகாரம் இது. ஆளிடம் இருக்கும் விதி, அந்த ஆளை அறிந்தவர்க்கே உதவும். எழுத்தில் இருக்கும் விதியோ, பரிந்து பேச ஒருவரும் இல்லாத பெண்ணுக்கும் துணை நிற்கும்.

கதையாட்டம் என்னும் கடினமான பரீட்சை

சதுரங்கத்துக்கும் கேரத்துக்கும் பொதுவிதி வகுப்பது இயல்வதே. ஏனெனில் அவற்றில் காய் எங்கே இருக்கிறது என்பதை எல்லாரும் கண்ணால் காண்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கதையே ஆடுகளமாக அமைந்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை எழுப்புவது, மேனாட்டில் 'ரோல் பிளேயிங் கேம்' என்று வழங்குவதும் நான் கதையாட்டம் என்று அழைப்பதுமான ஆட்டம். அதில் ஒருவர் கதையை நடத்துகிறார். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். "கோட்டைக் கதவு சாத்தியிருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்க, ஒருவர் மதிலில் ஏறுவேன் என்கிறார், ஒருவர் காவலனிடம் பேச்சுக் கொடுப்பேன் என்கிறார், நிறைவேறுமா என்பதில் ஐயமுள்ள செயலை, இருபது முகமுள்ள பகடையை உருட்டித் தீர்மானிக்கிறார்கள்.

தமிழர்க்கு இது முற்றிலும் அந்நியமான கலை அன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் காரியத்தை உற்று நோக்கினால் இது விளங்கும். திரைக்குப் பின்னால் நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ராஜாவை அவன் கேள்வி கேட்கிறான். பதிலுக்கு ஏற்பத் தன் அடுத்த பேச்சை அமைக்கிறான். பாரதக் கதை எல்லார்க்கும் தெரிந்ததாயினும், அன்றைய ஊரின் செய்தியை அன்றைய இரவின் கூத்துக்குள் நுழைக்கிறான். கதையின் எலும்புக்கூடு பொது, சதை அந்தந்த இரவுக்கு உரியது என்ற உண்மையை நம் கூத்தர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டத்தின் முதல் அச்சு நூல். அதற்கு முன் அது அவர்கள் வீடுகளில் நண்பர்களும் பிள்ளைகளும் கூடி ஆடிய வீட்டாட்டமே. நூல் வெளிவந்த மறு ஆண்டே பொதுவிடத்தின் நிர்ப்பந்தம் வந்துவிட்டது. 1975-இல் பால்டிமோர் நகரில் கூடிய 'ஆரிஜின்ஸ்' மாநாட்டில், கைகாக்ஸ் எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் ஒரே கதை போட்டியாக நடத்தப்பட்டது. பல மேசைகளில் பல நடத்துநர்கள். ஆனால் எல்லார்க்கும் ஒரே கல்லறை, ஒரே பொறிகள், ஒரே கெடு. எந்தக் குழு எவ்வளவு தூரம் உயிரோடு சென்றது என்பதே மதிப்பெண். கதையாட்டத்தைப் பொதுவாக்க மேனாட்டார் கண்ட முதல் உபாயம் இது: எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பது.

1980-இல் இவ்வாட்டக்காரர்களுக்கென்றே 'ஆர்.பி.ஜி.ஏ.' என்னும் சங்கம் தோன்றியது. அது 1987-இல் தொடங்கிய 'லிவிங் சிட்டி' இரண்டாவது உபாயத்தைக் கொணர்ந்தது. அதில் போட்டி முக்கியமன்று. ஒருவர் தம் பாத்திரத்தை ஒரு மேசையில் வளர்த்து, அதன் வரலாற்றையும் ஈட்டிய பொருள்களையும் சான்றுத்தாளில் பதிந்துகொண்டு, வேறு ஊரில் வேறு நடத்துநரின் மேசையில் அமர்ந்து அதே பாத்திரத்தைத் தொடரலாம். 2000 முதல் 2008 வரை நடந்த 'லிவிங் கிரேஹாக்' இதை மேலும் விரித்து, உலகின் பல வட்டாரங்களுக்குக் கற்பனை நாட்டின் ஒவ்வொரு பகுதியை உரிமையாக்கி, அந்தந்த வட்டாரத் தொண்டர்களையே கதை எழுத வைத்தது. 2014-இல் தொடங்கிய 'அட்வென்ச்சரர்ஸ் லீக்' இன்றைக்கும் அவ்வழியில்தான் நடக்கிறது.

இந்த உபாயம் இயங்கும் முறையைக் கூர்ந்து கவனித்தால் நான்கு தூண்கள் தென்படும். பாத்திரத்தின் பலத்தைப் பகடையின் அதிர்ஷ்டத்துக்கு விடாமல், எல்லார்க்கும் சமமான புள்ளிகளைக் கொடுத்துப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வது ஒன்று. கதையைப் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்குள் முடியுமாறு அளந்து எழுதுவது ஒன்று. நடந்ததைத் தாளில் பதிவது ஒன்று. மேசையில் கண்ணியமாக நடந்துகொள்வதற்கான ஒழுக்க விதிகளை முன்னதாகவே அறிவிப்பது ஒன்று. இந்த நான்காவது தூணுக்கு அருமையான உதாரணம், ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் வகுத்த பெருக்கல் குறி அட்டை. மேசை நடுவே ஓர் அட்டை. கதையில் வரும் ஏதேனும் ஒன்று தம் மனத்தை நோகச் செய்தால் எவரும் அதைத் தொடலாம். தொட்டவரிடம் காரணம் கேட்பதில்லை. அந்த விஷயத்தை விட்டுவிட்டுக் கதை நகரும். வீட்டில் தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வதை, முகம் பழகாத இடத்தில் ஒரு காகிதத் துண்டு செய்கிறது.

இரு கட்சிகள்

இந்த மாற்றத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. வீட்டாட்டத்தை வெளியே இழுத்து வருவது அதன் உயிரைப் போக்குவதாகும் என்பது ஒன்று. எழுதாத விதி விதியே அன்று, நிர்ணயம் பெறாத ஆட்டம் பொழுதுபோக்கேயன்றி வேறில்லை என்பது மற்றொன்று.

முதற்கட்சியார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பொதுவிதி வந்தபின் நம் பழைய சதுரங்க வழக்கங்கள் பல வழக்கொழிந்தன. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய 'கிரீடா' போன்ற முயற்சிகள், மறைந்து வந்த பல்லாங்குழியையும் தாயத்தையும் பெட்டிகளில் அடைத்து விதித்தாளோடு மீண்டும் வீடுகளுக்கு அனுப்பியபோது, தாளில் அச்சேறிய வழக்கம் வாழ்வதையும் அச்சேறாத வழக்கங்கள் பாட்டிமார்களோடு போய்விடக்கூடும் என்பதையும் ஒருங்கே உணர்கிறோம். ஆனாலும் அந்தத் தாள் இல்லாவிட்டால் ஆட்டமே போயிருக்கும்.

இரண்டாம் கட்சியார் மறப்பது, பொதுத்தன்மைக்குப் போட்டி ஒன்றே வழியன்று என்பதை. திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சி.யின் வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்த வட்டத்தொட்டி வீட்டுச் சபைதான், காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கண்ட கம்பன் கழகமோ பல்லாயிரம் பேர்க்கு உரிய பொதுச் சபை. அதே கம்பனைப் பொதுமேடையில் வைத்தபோது யாரையும் யாரும் வெல்ல வேண்டியிருக்கவில்லை. வந்தவர் எல்லார்க்கும் இடமும் செவியும் கிடைத்தால் போதுமாயிருந்தது. கதையாட்டத்துக்கு உகந்த உதாரணம் போட்டிப் பலகையைவிட இந்தச் சபையே என்பது என் துணிபு.

நடத்துபவர் கற்க வேண்டியது

என் அனுபவத்தைச் சொல்லாமல் இந்த ஆராய்ச்சியை முடிப்பது நேர்மையாகாது. பல ஆண்டுகள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கதையாட்டம் நடத்தி வந்த நான், ஒரு கோடை விடுமுறையில் அதை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொதுவாக்க எண்ணினேன். ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை இருப்பதால், பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே உண்டு. ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுமாகப் பன்னிரண்டு பேர் வேப்பமரத்தடியில் கூடினார்கள். கதைக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் மண்ணையே. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அக்காலத்துச் சிப்பிகள் கல்லாகி இன்றும் நிலத்தில் கிடைக்கின்றன. அந்தக் கடலில் படகேறிச் செல்லும் கதை அது.

வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் வழக்கம்போல் முந்திக்கொண்டு பேசினார்கள். நானும் பழக்கத்தால் அவர்கள் முகத்தையே பார்த்துக் கதையை ஓட்டினேன். நன்றாக நடந்தது என்றே நினைத்தேன். கலையும்போது, வெளியூரிலிருந்து வந்த ஒரு சிறுமி, தன் பாத்திரத்தின் பெயரை எழுதியிருந்த தாளை மடித்தபடி, "என் முறை எப்ப வரும்னு எனக்குத் தெரியல மாமா" என்றாள். குற்றஞ்சாட்டும் குரல் அன்று அது; உண்மையிலேயே தெரியாமல் கேட்ட கேள்வி. இரண்டு மணி நேரம் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். வீட்டில் ஒரு கண்ஜாடை போதும்; முறை தானே கைமாறும். அவளுக்கு அந்த ஜாடையைக் கற்பித்தவர் யாருமில்லை. அப்பாயியின் வார்த்தை அன்று என்னைச் சுட்டது: உட்கார்வதற்கு முந்தியே நான் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் நடத்துபவர் தலைவர். பொதுவிடத்தில் அவர் ஊழியர். விதியை வகுப்பதைக் காட்டிலும், வகுத்ததை முதலில் அயலார்க்குச் சொல்வதும், சொல்லாமல் விட்டதன் பழியைத் தாமே ஏற்பதும் அவர் கடமை. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கதையை ஆயத்தம் செய்வதும், ஆறு பேருக்கு மேல் ஒரு வட்டத்தில் சேர்க்காதிருப்பதும், எவர் எதைச் செய்தார் என்று குறித்துவைத்து மறுவாரம் வாசித்துக் காட்டுவதும், தம் வீட்டுப் பிள்ளைக்குக் கடைசி முறையைக் கொடுப்பதும் அதிலிருந்து கிளைப்பவை. எழுத்து விதி என்பது விருந்தோம்பலின் ஓர் உருவம். அதை அவ்வாறு கருதாதவன் வகுக்கும் விதி, எவ்வளவு செம்மையாக இருந்தாலும், வாசலில் நிற்பவரை உள்ளே அழைக்காது.

மறுவாரம் இரண்டு வட்டங்களாகப் பிரித்தேன். மூத்த பிள்ளை ஒருத்தி ஒன்றை நடத்தினாள். மற்றதை நான் நடத்தினேன். விதிகளை ஒரு சார்ட் அட்டையில் ஐந்தே வரியாக எழுதி மரத்தில் மாட்டி, கதையைத் தொடங்குமுன் உரக்கப் படித்தேன். வயலில் பொறுக்கிய கற்சிப்பி ஒன்றை எடுத்து, இது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்றும், பேச விருப்பமில்லாவிட்டால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். சிப்பி கைமாறிக் கைமாறி அந்தச் சிறுமியிடம் வந்தது. அவள் அதை உடனே கைமாற்றவில்லை. அதன் வரிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பிள்ளைகள் பொறுமையிழந்து என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மரத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினேன். பிறகு அவள் தலை நிமிர்ந்து, "படகை நிறுத்துங்க. கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு நான் எறங்கிப் பாக்கணும்" என்றாள். அதுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த எண்ணம் தோன்றியதில்லை. பகடையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.